இரண்டு பிடில்களின் தாய்ப்பத்திரம்

பழைய இத்தாலியப் பிடில் ஒன்று விலைக்கு வரும்போது கூடவே ஒரு பட்டியலும் வருகிறது. செய்தவர் பெயர், செய்த ஆண்டு. அப்புறம் எந்த ஆண்டில் யாரிடமிருந்து யாரிடம் போயிற்று என்ற விவரம். நிலம் வாங்குகிறவன் தாய்ப்பத்திரம் கேட்பதற்கும் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பட்டியல் தொடர்ச்சியாக இருந்தால் பிடில் அசல். நடுவில் அறுந்தால் சந்தேகம். விலையெல்லாம் மரத்திலும் வார்னிஷிலும் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அதில் பெரும் பங்கு இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட பட்டியல்களைப் பெரும்பாலும் தயாரித்தவர்கள் வியாபாரிகள். ஆகவே அவற்றில் வாங்கினவன் இருக்கிறான், விற்றவன் இருக்கிறான். வாசித்தவன், அவனே சொந்தக்காரனாகவும் இருந்தால் ஒழிய, இல்லை. கேட்டவன் இல்லவே இல்லை. ஒரு வாத்தியத்தின் சரித்திரம் என்று இதை ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. தயக்கத்தைப் பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இரண்டு பிடில்களின் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்ப்பது உபயோகமாக இருக்கும். இரண்டையும் செய்தவர் ஒருவரே: இத்தாலியில் கிரெமோனா நகரத்து அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி. ஒன்று 1713இல் செய்தது, மற்றது 1716இல். அவருடைய கை உச்சத்தில் இருந்ததாக அறிந்தவர்கள் சொல்லும் காலத்துக்குள் இரண்டும் அடங்கும்.

1716ஆம் ஆண்டுப் பிடிலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்ட்ராடிவாரி அதை விற்கவில்லை. 1737இல், தொண்ணூறு தாண்டிய வயதில் அவர் இறந்தபோது அது பட்டறையிலேயே இருந்தது. அதன் பூரணத்துவத்தில் மயங்கி அவரே வைத்துக்கொண்டார் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். தொழிலாளி ஒருவன் தன் சரக்கில் ஒன்றைக் கையிருப்பாக வைத்துக்கொண்டதற்கு இவ்வளவு காவியமான காரணம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டறையில் கூட வேலை செய்த மகன்கள் இருவர். ஓமோபோனோ 1742இலும் பிரான்செஸ்கோ 1743இலும் இறந்துபோனார்கள். மிச்சமிருந்தவை பாவ்லோ என்ற மகனிடம் வந்தன. அவர் ஜவுளி வியாபாரி.

1775இல் பாவ்லோவிடமிருந்து இந்தப் பிடிலை வாங்கியவர் கோஸியோ டி சலபூவே என்ற பிரபு. அப்போது அவருக்கு வயது இருபது. தகப்பனாரின் உளிகள், அச்சுகள், காகித மாதிரிகள் எல்லாவற்றையும் அந்தக் குடும்பத்தாரிடமிருந்து சேர்த்தே வாங்கிக்கொண்டார். (இந்தக் கருவிகள் 1920இல் கோஸியோவின் வாரிசுகளிடமிருந்து ஃபியோரினி என்ற பிடில் செய்பவர் கைக்கு வந்து, 1930இல் அவர் நன்கொடையாகக் கொடுக்க, கிரெமோனாவுக்கே திரும்பின.) கோஸியோ தாம் பார்த்த ஒவ்வொரு வாத்தியத்தையும் அளந்தார், அளந்ததை எழுதி வைத்தார். நீளம், அகலம், வார்னிஷின் நிறம், ஒட்டுப் போட்ட இடம். அளவுகோலும் பேனாவுமாகப் பிடிலை அணுகிய முதல் பெரிய மனிதர் என்று அவரைச் சொல்லலாம். இன்றைய பட்டியல் சாஸ்திரம் அந்தக் குறிப்புகளில்தான் தொடங்குகிறது.

1827இல் கோஸியோ அதை லூயிஜி தாரிஸியோவுக்கு விற்றார். இந்தத் தாரிஸியோவைப் பற்றி ஒரு நாவலே எழுதலாம். தச்சுத் தொழிலில் தொடங்கிய ஏழை. இத்தாலியக் கிராமங்களில் நடையாய் நடந்து, மாதா கோயில்களிலும் பண்ணை வீடுகளிலும் மூலையில் கிடந்த பழைய பிடில்களைச் சேகரித்தவர். சேகரித்ததில் கொஞ்சத்தைப் பாரிஸுக்கு எடுத்துப் போய் விற்பார். ஆனால் 1716ஐ மட்டும் எடுத்துப் போகமாட்டார். அதைப் பற்றிப் பேசுவார். அதைப் போல ஒன்று உலகத்தில் இல்லை என்பார். அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்பார். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன டெல்ஃபான் அலார் என்ற பிடில் வித்வான், உங்கள் பிடில் யூதர்கள் எதிர்பார்க்கிற மெசியாவைப் போலத்தான், எல்லாரும் காத்திருக்கிறோம், வருகிற வழியைக் காணோம் என்று கேலி செய்தாராம். அந்தக் கேலியே பெயராக நிலைத்துவிட்டது. இன்றும் அது 'மெசியா' பிடில். வாராததால் வந்த பெயர்.

தாரிஸியோ 1854இல் இறந்தார். செய்தி பாரிஸுக்கு எட்டியதும் வியோம் என்ற பிடில் செய்பவர், வியாபாரி, இத்தாலிக்கு ஓடினார். 1855இல் உறவினர்களிடமிருந்து நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட வாத்தியங்களைச் சுமார் 80,000 பிராங்குக்கு மொத்தமாக வாங்கினார். மெசியாவும் அவற்றில் ஒன்று. அதைப் பாரிஸுக்குக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். காலத்தின் வழக்கப்படி கழுத்தை நீளமாக்கினார். சித்திரம் செதுக்கிய புதுப் பிருடைகளைப் போட்டார். அதைப் பார்த்துப் பார்த்துப் பல நகல்கள் செய்தார். 1875இல் அவர் இறந்தார். பிடில் அவர் பெண்களிடம் போய், அங்கிருந்து மருமகனிடம் வந்து சேர்ந்தது. மருமகன் வேறு யாரும் இல்லை, கேலி செய்த அதே அலார்தான். 1888இல் அவரும் இறந்தபின், 1890இல் லண்டன் ஹில் கம்பெனி எடின்பரோ நகரத்து ராபர்ட் கிராஃபோர்டுக்காக அதை 2,000 பவுனுக்கு வாங்கியது. அதுவரை ஒரு பிடிலுக்கு யாரும் கொடுத்திராத விலை. பிறகு ஹில் சகோதரர்களிடமே திரும்பி, மறுபடி ஒரு சேகரிப்பாளரிடம் போய், மறுபடி திரும்பி, 1939இல் அவர்களால் ஆக்ஸ்போர்டில் உள்ள ஆஷ்மோலியன் மியூசியத்துக்குத் தானமாக வழங்கப்பட்டது. அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. வாசிக்கப்படுவதில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பட்டியல். ஏறக்குறைய ஓர் இடைவெளிகூட இல்லை. இதில் வாசித்தவர் எத்தனை பேர் என்று தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். 1891இல் யோவாகிம் அதை வாசித்துப் பார்த்தார், அதன் நாதத்தைப் புகழ்ந்தார் என்பது பதிவாகியிருக்கிறது. ஒருவர் வாசித்துப் பார்த்ததே வரலாற்றுச் செய்தி என்றால் மற்ற நாட்களின் மௌனத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். பத்திரம் முழுசாக இருக்கிறது. சங்கீதம் இல்லை.

மெசியாவின் தரப்பையும் சொல்லவேண்டும். மேல்நாட்டில் பிடிலை மோவாய்க்கும் தோளுக்கும் நடுவே பிடித்து நின்று வாசிக்கிறார்கள். நம் வித்வான்களைப் போல உட்கார்ந்து, காலில் சாய்த்து வாசிப்பதில்லை. இடது கை மேலே ஏறும்போதெல்லாம் பிடிலின் தோளில் உரசும். வியர்வை வார்னிஷைத் தின்னும். இருநூறு முந்நூறு வருஷம் வாசிக்கப்பட்ட பிடிலில் செய்தவனுடைய உளியின் கடைசிக் கோடுகள் தேய்ந்து மறைந்திருக்கும். மெசியாவில் அந்த விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றன. வார்னிஷ் நேற்றுப் பூசினதுபோல் இருக்கிறது. ஸ்ட்ராடிவாரி வேலையை முடித்துக் கையை எடுத்தபோது பிடில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பும் பிடில் தச்சனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதைப் பார்த்து இன்னொரு தச்சன் நல்ல பிடில் செய்தால், சுற்றி வளைத்தாவது சங்கீதத்துக்குத்தான் அது போய்ச் சேருகிறது. இதை நான் அலட்சியப்படுத்தவில்லை.

ஆனால் இந்தப் புதுமையே அதற்கு எதிரான சாட்சியாகவும் ஆயிற்று. இவ்வளவு புதிதாக இருக்கிறதே, இது 1716இல் செய்ததுதானா? அதை வைத்திருந்த வியோம் அவர் காலத்தின் மிகச் சிறந்த நகலாளர் அல்லவா? நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் வாத்தியங்களைப் பராமரித்துவந்த ஸ்டூவர்ட் பாலன்ஸ் 1990களின் கடைசியில் இந்தக் கேள்வியைப் பகிரங்கமாக எழுப்பினார். கோஸியோவின் குறிப்புகளில் உள்ள சில விவரங்கள் இந்தப் பிடிலுக்குப் பொருந்தவில்லை என்பது அவர் வாதங்களில் ஒன்று. காகிதத்தால் வந்த பெருமைக்குக் காகிதத்தாலேயே ஆபத்து.

விவகாரம் மரத்திடம் போயிற்று. பிடிலின் மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம். அதன் வருஷ வளையங்கள் அடுத்தடுத்த கோடுகளாக மேலேயே தெரியும். மழை நன்றாகப் பெய்த ஆண்டின் வளையம் அகலம், வறண்ட ஆண்டின் வளையம் ஒடுக்கம் என்கிற மாதிரி ஒவ்வோர் ஆண்டும் தன் அளவைப் பதித்துவிட்டுப் போகிறது. இந்த அகல ஒடுக்க வரிசையை, ஆண்டு தெரிந்த ஆல்ப்ஸ் மலை மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்த்தால் கடைசி வளையம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லலாம். பாலன்ஸ் கொடுத்த புகைப்படங்களை வைத்துக்கொண்டு ஜெர்மன் நிபுணர் பீட்டர் கிளைன் கடைசி வளையம் 1738 என்றார். அதாவது ஸ்ட்ராடிவாரி இறந்ததற்கு அடுத்த ஆண்டு வளர்ந்த மரம்! பிறகு ஜான் டாப்ஹாம், டெரிக் மக்கார்மிக் இருவரும் பிடிலை நேரடியாகப் பரிசீலித்து 2000இல் வெளியிட்ட முடிவு 1682. அதன்பின் அமெரிக்காவிலிருந்து வந்த கிரிஸ்ஸினோ மேயர் குழுவினர் சொன்னது 1687. இன்று பெரும்பாலோர் பிடிலை அசல் என்றே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மரம் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: இந்தப் பிடில் இந்த ஆண்டுக்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது. எந்த ஆண்டில் செய்தார்கள், யார் செய்தார்கள் என்று மரம் சொல்லாது. பொய்யனை மரம் பிடித்துக்கொடுக்கும், கர்த்தாவைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே கேள்வி மறுபடி கோஸியோவின் குறிப்புக்கும், அடுத்தடுத்த சொந்தக்காரர்களுக்கும், வேலைப்பாட்டைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் நிபுணனுக்குமே திரும்பிவிடுகிறது. மெசியாவைப் பற்றிய இவ்வளவு பெரிய சர்ச்சையில், அது எப்படி ஒலிக்கிறது என்பது யாருக்கும் சான்றாகத் தேவைப்படவில்லை. இந்த இடத்தில்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இப்போது 1713ஆம் ஆண்டுப் பிடில். இதற்கு 'கிப்ஸன், ஹூபர்மான்' என்று இரட்டைப் பெயர். இரண்டும் வாசித்தவர்களின் பெயர்கள். முதலில் வைத்திருந்தவர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் கிப்ஸன் என்ற ஆங்கிலேய வித்வான். அப்புறம் போலந்து நாட்டு யூதரான புரோனிஸ்லாவ் ஹூபர்மான். ஒரு தடவை வியன்னாவில் ஓட்டல் அறையிலிருந்து திருடு போய், சீக்கிரமே அகப்பட்டுவிட்டது. இரண்டாம் தடவை 1936 பிப்ரவரி 28. நியூயார்க் கார்னகி ஹாலில் கச்சேரி. அன்று ஹூபர்மான் கொண்டுவந்தது இரட்டைப் பெட்டி. உள்ளே ஒரு குவார்னேரி, ஒரு ஸ்ட்ராடிவாரி. மேடையில் அவர் குவார்னேரியை வாசித்துக்கொண்டிருந்தபோது உள் அறையிலிருந்த ஸ்ட்ராடிவாரியைக் காணோம். இன்ஷூரன்ஸ் செய்திருந்த லாய்ட்ஸ் நிறுவனம் 30,000 டாலர் கொடுத்தது. சட்டப்படி அன்றிலிருந்து பிடில் லாய்ட்ஸுக்குச் சொந்தம். அதே ஆண்டு டிசம்பரில் ஹூபர்மான், ஐரோப்பாவில் வேலையும் உயிரும் ஆபத்திலிருந்த யூத வாத்தியக்காரர்களைச் சேர்த்துப் பாலஸ்தீன இசைக்குழுவை நிறுவினார். 1947இல் இறந்தார். பிடிலை அவர் திரும்பப் பார்க்கவில்லை.

பட்டியலில் இங்கே ஐம்பது ஆண்டுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் இருந்தவர் பெயர் ஜூலியன் ஆல்ட்மன். நியூயார்க்கில் கார்னகி ஹாலுக்கு அருகே ஓர் இரவு விடுதியில் பிடில் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர். தானே திருடினாரா, திருடியவனிடம் வாங்கினாரா என்பதில் அவர் சொன்னதே இரண்டு விதம். ஸ்ட்ராடிவாரியின் வார்னிஷ்மேல் பூட்ஸ் பாலிஷைப் பூசினார். பூசிவிட்டு வாசித்தார். சாப்பாட்டுக் கடைகளில் வாசித்தார், கல்யாண விருந்துகளில் வாசித்தார், வாஷிங்டனில் தேசிய சிம்பனி இசைக்குழுவில் உட்கார்ந்தும் சில காலம் வாசித்தார். 1985இல், வேறொரு கேவலமான குற்றத்துக்காகச் சிறையில் இருந்தபோது, சாவு நெருங்கியபின் மனைவியிடம் பிடில் பெட்டியைப் பார்க்கச் சொன்னார். பெட்டிக்கும் உறைக்கும் நடுவே 1936ஆம் ஆண்டுத் திருட்டைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகள் இருந்தன. 1987இல் பிடில் லாய்ட்ஸுக்குத் திரும்பியது. பாலிஷை எடுத்துச் சுத்தம் செய்யவே மாதக்கணக்கில் ஆயிற்று. அமதேயுஸ் நால்வர் குழுவின் நார்பர்ட் பிரைனின் அதை வாங்கினார். 2001இல் ஜெர்மானியச் செல்வர் ஒருவரின் சேகரிப்புக்குப் போகவிருந்த நிலையில், ஜோஷுவா பெல் நாற்பது லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

ஆல்ட்மனை நான் நாயகனாக்கவில்லை. சொத்துரிமையைக் கேலி செய்வதற்காக அவர் திருட்டுப் பொருளை வைத்திருக்கவில்லை. பிழைப்புக்காக, பயத்தோடு வைத்திருந்தார். தோள்மேல் இருப்பது என்ன என்பதை ஐம்பது வருஷம் ஒருவரிடமும் சொல்ல முடியாமல் வாசிப்பது சுகமான காரியமாக இருந்திருக்காது. ஹூபர்மானுக்கு நேர்ந்த நஷ்டமும் நஷ்டம்தான். இருந்தாலும் ஒரு கணக்கு என்னை விடமாட்டேன் என்கிறது. பத்திரத்தில் வெற்றிடமாக இருக்கிற அந்த ஐம்பது ஆண்டுகளில்தான் இந்தப் பிடில் யார் யாருக்கோ கேட்டது: சாப்பிட வந்தவர்களுக்கு, கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு. அதே ஐம்பது ஆண்டுகளில் மெசியா ஒழுங்கான பத்திரத்தோடு கண்ணாடிக்குள் மௌனமாக இருந்தது. அங்கே பெயர் இருந்தது, ஒலி இல்லை. இங்கே ஒலி இருந்தது, பெயர் இல்லை.

பெயர் இல்லாமல் போனால் ஒலியை யார் அடையாளம் கண்டுகொள்வார்கள்? 2007 ஜனவரி 12 அன்று ஜோஷுவா பெல் இதே பிடிலோடு வாஷிங்டனில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் வாசலில் நின்று, தான் யார் என்று சொல்லாமல் 43 நிமிஷம் வாசித்தார். ஒரு பத்திரிகையின் ஏற்பாடு அது. 1,097 பேர் கடந்து போனார்கள். நின்று கேட்டவர்கள் ஒரு கைப்பிடி. பெட்டியில் விழுந்தது 32 டாலர் 17 சென்ட். பொதுஜனத்தின் ரசனைக் குறைவுக்கு இதை உதாரணமாகக் காட்டி அப்போது நிறையப் பேர் வருத்தப்பட்டார்கள். இந்த வருத்தம் எனக்கு ஒப்புதல் இல்லை. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனைப் பரீட்சை செய்வது நியாயமும் அல்ல. இதைவிடக் கடுமையான பரீட்சை அதே வாஷிங்டனில், அதே பிடிலை வைத்து, பல ஆண்டுகள் முன்னாலேயே நடந்துவிட்டது. சிம்பனி இசைக்குழுவில் ஆல்ட்மனுக்கு அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அல்லர். காதையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களில் ஒருவர்கூட இது காணாமல் போன ஸ்ட்ராடிவாரி என்று எழுந்து சொல்லவில்லை. பூட்ஸ் பாலிஷ் மறைத்தது மரத்தை மட்டும்தான்; ஒலியை அது மறைக்கவில்லை.

2012இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு அறிவியல் உருவம் கொடுத்தது. கிளாடியா ஃபிரிட்ஸ் என்பவரும் கூட்டாளிகளும், 21 வாத்தியக்காரர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டு, இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி, மூன்று புதுப் பிடில்கள் ஆகிய ஆறையும் வாசிக்கச் சொன்னார்கள். எது பழசு எது புதுசு என்று பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. பலர் விரும்பித் தேர்ந்ததும் புதுசையே. பழைய பிடில்களின் நாதம் வெறும் பிரமை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடலாமா? கூடாது. ஒரு பிடிலோடு இருபது வருஷம் வாழ்ந்தவனுக்கு அது என்ன கொடுக்கிறது என்பதைச் சில நிமிஷப் பரிசோதனையில் அளக்க முடியாது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அபூர்வம் என்று நாம் தலைவணங்குவதில் எவ்வளவு காதால் அறிந்தது, எவ்வளவு பட்டியலைப் படித்து அறிந்தது என்று நமக்குள் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. கவிதை படிக்கும்போது மட்டும் இந்தப் பழக்கம் வந்துவிடுகிறது என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. கவிஞன் பெயரை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கவிதையைப் பார்க்கிறவர்கள்தான் நாம்.

பட்டியல் வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. கோஸியோ அளந்து எழுதாமல் போயிருந்தால் இன்று நமக்கு ஸ்ட்ராடிவாரியைப் பற்றித் தெரிந்தது இன்னும் குறைவாக இருந்திருக்கும். லாய்ட்ஸ் கம்பெனியின் பழைய பதிவு இல்லாவிட்டால் 1713 திரும்பி வந்திருக்காது. பத்திரம் பொருளைக் காப்பாற்றுகிறது. ஆனால் பொருளின் சரித்திரம் வேறு, வாத்தியத்தின் சரித்திரம் வேறு. இரண்டாவது சரித்திரம் ரசீதில் எழுதப்படுவதில்லை. மோவாய் பட்ட இடத்திலும், உள்ளங்கை உரசின தோளிலும், வார்னிஷ் கரைந்து மரம் வெளுத்துத் தெரிகிறதே, அங்கே எழுதப்படுகிறது. மெசியாவில் அந்தப் பக்கம் வெள்ளைத்தாளாகவே இருக்கிறது. 1713இல் அந்தப் பக்கம் நிறைந்திருக்கிறது. பாதிக்கு மேல் யார் எழுதினார்கள் என்று சொல்ல வழியில்லாமல், ஒரு திருட்டுக் கையும் அதில் கலந்திருக்க.

பெல் அதை இன்னும் மேடைகளில் வாசிக்கிறார். வாசிக்க வாசிக்க அது தேய்கிறது.